ஐந்தெழுத்தை இறக்கிய கூலி

எழுத்துக்கு நானூறு யூரோ என்று பேச்சு.
கயிறு எங்களுடையது, கிரேன் அவர்களுடையது.
காற்று மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால்
இறங்கிவிட வேண்டும்,
அன்றைக்கு அரைக்கூலி.

லவுசிட்ஸ் சமவெளியில்
குளிர்கோபுரத்தின் தோள்மேல்
முப்பத்தோரு வருஷமாக நின்ற சொல்:
கா, ஓ, ஹா, எல், ஏ.
கோலெ.
ஜெர்மனில் கரி என்று பொருள்.
கொச்சையில் காசு என்றும்தான்.
இந்த ஊரில் யாரும்
இரண்டையும் பிரித்துச் சொன்னதில்லை.

நிறுவனத்துக்கு இப்போது பெயர் வேயோரா.
எந்த மொழியிலும் அர்த்தம் வந்துவிடாதபடி
பதினோரு மாதம் தேடினார்களாம்.
காற்றைத்தான் சொல்ல வருகிறது என்றார்கள்.
"காற்றுக்கு எங்கள் சோர்பிய மொழியில் சொல் உண்டு,
யாரும் கேட்கவில்லை" என்றான் மெர்ச்சின்,
பல்லில் கையுறையைக் கடித்துக்கொண்டு.

கா முரண்டு பிடித்தது.
துருவும் போல்ட்டும் ஒன்றாகிவிட்டிருந்தன, அறுத்தோம்.
ஓவின் அடிவளைவில் வல்லூறு விட்டுப்போன கூடு.
அதற்குள் ஏழு கால்வளையங்கள்,
பந்தயப் புறாக்களுடையவை.
ஒன்றில் போலந்து எண்.
எங்கோ ஒருவர் வானத்தைப் பார்த்து
நேரம் குறிக்கக் காத்திருந்திருப்பார்.
வளையங்களை மெர்ச்சின் பையில் போட்டுக்கொண்டான்.
ஒப்பந்தத்தில் அவற்றைப் பற்றி ஒன்றுமில்லை.

அந்த உயரத்திலிருந்து எல்லாம் தெரியும்.
தோண்டித் தின்ற பள்ளத்தில் நீர் விட்டிருக்கிறார்கள்.
நீர்மேல் சூரியத் தகடுகள்.
வாத்துகள் ஏறி நின்று வழுக்கி விழுகின்றன,
மறுபடி ஏறுகின்றன.
நீருக்கு அடியில் ஓர் அஞ்சல் குறியீடு இருக்கிறது.
சில விண்ணப்பப் படிவங்கள் இன்றும் அதை ஏற்கின்றன.

இந்தப் பக்கம் பேட்டரிக் கிடங்கு.
ஹார்ட்முட் லீப்ஷருக்கு அங்கே வேலை.
கொதிகலன் உறுமுவதைக் கேட்டே
எந்த வால்வு நோகிறதென்று சொன்னவர்.
மூன்று மாதப் பயிற்சி, சான்றிதழ், புதுப் பச்சைச் சட்டை.
பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன, சத்தமே இல்லை.
ரொட்டி தின்னும் நேரத்தில்
ஒரு பெட்டிமேல் உள்ளங்கை வைத்துப் பார்க்கிறார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

இரண்டாம் அலகு இன்னும் எரிகிறது, மார்ச் வரைக்கும்.
புகைப்படக்காரர் அதை முதுகுக்குப் பின்னால் விட்டு நின்றார்.

ஏ இறங்கியபோது கீழே கைதட்டல்.
சட்டென்று அது நின்றது.
நாங்கள் சுவருக்கு மிக அருகில் இருந்தோம்,
எங்களுக்குத் தெரியவில்லை.
கீழே வந்து நிமிர்ந்த பிறகுதான் பார்த்தோம்:

கோலெ.

சுற்றிலும் முப்பத்தோரு வருஷப் புகை,
எழுத்துகளின் முதுகுக்குப் பின்னால் மட்டும்
கட்டிய அன்றிருந்த வெளுப்பு.
கோபுரத்திலேயே சுத்தமான இடம்
அந்தச் சொல்தான்.

தலைமையகத்திலிருந்து வந்த ஆல்டன்ஹோஃபர் அம்மையார்
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.
"இரண்டு குளிர்காலம் போனால்
சுவரோடு சுவராக அழுக்காகிவிடாதா?"

மெர்ச்சின் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான்,
ஏற்கெனவே கட்டியிருந்ததை.

முன்பென்றால் ஆகியிருக்கும், அம்மா.
மார்ச்சுக்குப் பிறகு கரிக்கு எங்கே போவது?
நீங்கள் எவ்வளவு சுத்தமாகிறீர்களோ
அவ்வளவு காலம் அது தெரியும்.
இதை நான் மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவர் யாரையோ அழைத்தார்.
சாயத்தின் எண் கேட்டார்கள்.
எந்தச் சாயம்? வெளுப்பை அழுக்காக்கவா,
அழுக்கை வெளுப்பாக்கவா?
முதலாவது மலிவு.
அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

மதியத்துக்குமேல் காற்று நாற்பதைத் தாண்டியது.
தூரத்து மேட்டில் அவர்களுடைய காற்றாலைகள்
ஒவ்வொன்றாய்த் தலை திருப்பி
வேலையைத் தொடங்கின.

எங்களுக்கு அரைக்கூலி.